பட்டி என்னுது இல்லீங்க

அந்த அம்மாவிடம் நான் முதன்முதலில் பேசியது ஒரு குடையைப் பற்றி. கடைக்கு வந்து தாம்புக்கயிறு வாங்கியவர் குடையைப் படியில் சாய்த்தது சாய்த்தபடி விட்டுப் போய்விட்டார். பின்னாலேயே கூப்பிட்டு, இந்தக் குடை உங்களுதாம்மா என்று கேட்டேன். திரும்பி வந்து குடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வரும்போது புடிச்சுட்டு வந்தனுங்க ராவுத்தரே" என்றார்.

அப்படியானால் உங்களுடையதுதானே என்றேன். மழைக்கு ஆகுதுங்க என்று சொல்லி எடுத்துக்கொண்டு நடந்தார். திருட்டுக் குடையாக இருக்குமோ என்று அன்று சாயங்காலம் வரை எனக்குச் சந்தேகம் இருந்தது.

எழுபதுகளில், கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளத்துப் பக்கம், எனக்குக் கயிற்றுக்கடை. மூக்கணாங்கயிறு, கழுத்துமணி, சாட்டை, லாந்தர் கண்ணாடி எல்லாம் கிடைக்கும். ஆடு மாடு வைத்திருக்கிறவர்கள் என் கடைக்கு வந்தே தீரவேண்டும் என்பதால், யாரிடம் என்ன இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. இந்த அம்மாவிடம் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. செம்மறி ஆடுகள் இருந்தன. கேட்டால், சில உருப்படிகள் பின்னால வருதுங்க என்பார். இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஊட்ல ரெண்டு பேரு சோறு திங்கறாங்க என்பார். புருஷன் இருந்தார், நல்ல உயரம், நல்ல மீசை. அவரைப் பற்றி, "ஒருத்தரு கூட இருக்கறாருங்க" என்பார். அந்த ஒருத்தர் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே பீடி பற்றவைப்பார்.

ஊரில் அவருக்கு இருக்குதக்கா என்றே பேராகிவிட்டது. எங்கள் பக்கத்துப் பேச்சில் என்னுடைய என்பதற்கு 'என்ற' என்போம். என்ற ஊடு, என்ற காடு, என்ற பொண்ணு. அந்தச் சொல் இல்லாமல் இங்கே ஒருவராலும் காலையில் பல் விளக்கக்கூட முடியாது. இந்த அம்மா அதை அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் தன் பேச்சிலிருந்து பொறுக்கி எறிந்திருந்தார்.

ஒரு கோடையில் மேய்ச்சலுக்காக ஆடுகளைத் தமிழ்நாட்டுப் பக்கம் ஓட்டிப் போனபோது, செக்போஸ்ட்டில் புதிதாக வந்திருந்த காவலர் இதெல்லாம் யாருடைய ஆடு என்று கேட்டார். நான் நடந்தா நடக்குதுங்க, நின்னா நிக்குதுங்க என்று அம்மா சொல்லியிருக்கிறார். காவலர் அவரையும் ஆடுகளையும் மத்தியானம் வரை வெயிலில் நிறுத்திவைத்தார். கடைசியில் புருஷன் ஓடி வந்து, எங்களுதுதானுங்க என்று ஒரு வார்த்தை சொல்லி மீட்டுக்கொண்டு போனார். அன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அடுத்த தடவை அம்மா கடைக்கு வந்தபோது, ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகியா போகும் என்று கேட்டேன்.

"என்னுதுன்னு சொன்னா, கேக்கறது கேட்டுருமுங்க" என்றார்.

எது கேட்டுவிடும் என்றேன். அவர் கடைக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். நான் ஐந்து வேளையும் தொழுகிறவன், இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் காது கொடுக்க மாட்டேன். இருந்தாலும் நானும் அண்ணாந்து பார்த்தேன். மேலே கயிறுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் பட்டி என்றால் ஆட்டை அடைக்கிற இடம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். எல்லையில் இருக்கிற நாங்கள் இரண்டையும் வைத்துப் பிழைக்கிறவர்கள். பேசுகிற ஆள் தமிழ் பேசினால் ஆட்டுப்பட்டி, மலையாளம் பேசினால் நாய், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட இதில் குழப்பம் வந்ததில்லை. வெளியூர்க்காரர்கள்தான் பாவம், பட்டிக்கு வேலி போட்டுவிட்டாயா என்று யாராவது கேட்டால் விழிப்பார்கள்.

அவர்களுடைய பட்டி ஒரு பண்ணாடியின் வயலில் இருந்தது. எருவுக்காக அந்த நிலக்காரர் தன் செலவில் மூங்கில் படல் கட்டிக் கொடுத்து, ஆடுகளை அடைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். பட்டிக்குள்ளேயே ஒரு குடிசை. புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அதில்தான் குடியிருந்தார்கள். அவர்களோடு ஒரு நாயும் இருந்தது, அந்தப் பட்டியிலேயே பிறந்தது. குட்டி போட்ட கையோடு தாயைப் பாம்பு தீண்டிவிட, அம்மா அதை ஆட்டுப்பால் விட்டு வளர்த்தார். கறுப்பு நாய். கண்ணுக்கு மேலே இரண்டு செம்புள்ளி.

அதற்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைப்பதும் ஒருவகையில் என்னுது என்று சொல்வதுதானே. கூப்பிட வேண்டியிருந்தால், "ஏனுங்க" என்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். பட்டியிலிருந்து ஏனுங்க என்று ஒரு குரல் வந்தால் இரண்டு பேர் எழுந்து போவார்கள். முதலில் போய்ச் சேருவது நாய்.

அதற்கு மணி வாங்க அவர் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. சின்னதாக ஒன்று கேட்டார். ஆட்டுக்கா, கன்றுக்கா, யாருக்கம்மா என்றேன். ஒரு கழுத்துக்குங்க என்றார். ஒரு கழுத்துக்கு ஆகும்படி கொடுத்தேன்.

பண்ணாடியின் வயலை ஒட்டி ஒரு மாந்தோப்பு. அந்த வருஷம் அதைக் குத்தகைக்கு எடுத்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மாங்காய்க் காவலுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கிடந்தவருக்கு அந்த நாய்மேல் உயிர். தான் தின்கிற கறியில் பாதியை அதற்குப் போடுவார். மேலும் அவர் முறையாகவே நடந்துகொண்டார். ஒருநாள் பட்டிக்கு வந்து, தோப்புக் காவல்காரர்கள் பார்க்க, இந்த நாய் யாருடையது என்று அம்மாவிடம் கேட்டார்.

இங்க படுத்துக்குதுங்க என்றார் அம்மா.

அப்படியானால் நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு படலுக்குள் தலையை மாட்டிக்கொண்டது. அம்மா அந்தப் பக்கம் ஓடிவிட்டார். குத்தகைக்காரர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். டைகர் என்று பேர் வைத்து, பஞ்சாயத்தில் தன் பேருக்கு நாய் லைசென்ஸ் எடுத்து, அவர்கள் கொடுத்த தகர வில்லையை மணிக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டார். நாய் பகலில் தோப்பிலும் ராத்திரியில் பட்டியிலுமாக இருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய் பறித்து முடிந்து, கூடைகளோடு நாயையும் லாரியில் ஏற்றியபோதுதான் விஷயம் புரிந்தது.

அம்மா லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை. ஹாரன் அடித்தார்கள், நகரவில்லை. அதற்குள் புருஷன் லாரியில் ஏறி நாயின் கயிற்றைப் பிடித்தார். குத்தகைக்காரர் மறுமுனையைப் பிடித்தார். நாய் இரண்டு பக்கமும் வாலை ஆட்டியது. பிறகு போலீஸ் வந்து, ஆட்களைத் தனியாகவும் நாயைத் தனியாகவும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள்.

நாய் தொண்டிமுதல் ஆயிற்று. கேரளத்துப் போலீஸில் வழக்குச் சம்பந்தமான பொருளுக்கு அதுதான் பேர். ஒரு அட்டையில் எண் எழுதி அதன் கழுத்தில் கட்டினார்கள். மணி, வில்லை, அட்டை என்று அப்போது அதன் கழுத்தில் மூன்று சாமான்கள் இருந்தன. நான் ஸ்டேஷனுக்குப் போனபோது அது என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வாலாட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

வாக்குமூலம் எழுத அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் புருஷனும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். இன்றைக்காவது அந்தம்மா வாயைத் திறந்து என்னுது என்று சொல்லுவாரா என்று கேட்டேன். அவர் பீடியை அணைத்தார்.

"மூத்தது ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. போற வாறவங்களையெல்லாம் நிறுத்தி, என்ற பொண்ணப் பாருங்க, என்ற பொண்ணப் பாருங்கன்னு தூக்கிக் காட்டுவா. தொட்டில் பருவத்துலயே போயிருச்சு. அன்னைல இருந்து அந்தப் பேச்சு இல்லீங்க."

செக்போஸ்ட் விஷயத்துக்காக அவரை நான் திட்டியது நினைவுக்கு வந்து நெஞ்சில் உறுத்தியது. புருஷனே தொடர்ந்து, "என்னையும் சொல்ல மாட்டா. அதுல எனக்கு வருத்தமில்லீங்க ராவுத்தரே. சொல்லாம இருக்கற வரைக்கும் நான் உசுரோட இருப்பேன்னு அவளுக்கு நெனப்பு" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு பீடி எடுத்தார்.

உள்ளே நடந்ததை அம்மா பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். ஹெட் கான்ஸ்டபிள் கோட்டயம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். முதலில், மொழி வேணும் என்றாராம். மலையாளத்தில் அது வாக்குமூலம். அம்மா, தமிழுங்க என்றிருக்கிறார். கான்ஸ்டபிளுக்கு இரக்கம் வந்துவிட்டது. இந்த அம்மாவுக்கு மலையாளம் வராது போலிருக்கிறது என்று, தனக்குத் தெரிந்த தமிழிலேயே கேட்டார்.

"பட்டி யாருக்குச் சொந்தம்?"

அவர் மலையாளத்தில் கேட்டிருந்தால் ஒரு குழப்பமும் வந்திருக்காது. தமிழில் கேட்டதால் அம்மா அதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டார். பட்டி இருக்கிற இடம் யாருடையது என்று கேட்கிற அதிகாரிகளை அவர் ஆயுசில் நிறையப் பார்த்திருக்கிறார். நாய் யாருடையது என்று கேட்கிற அதிகாரியை அவர் பார்த்ததில்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பட்டி என்னுது இல்லீங்க. பண்ணாடியோடதுங்க. நாங்க அதுக்குள்ள குடியிருக்கறமுங்க."

கான்ஸ்டபிள் முதல் இரண்டு வாக்கியங்களை எழுதிக்கொண்டார். மூன்றாவதைக் கேட்டதும் தலை நிமிர்ந்து அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

வக்கீலைப் பிடித்தது நான்தான். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், தினமும் பஸ்ஸில் தாலூக் கோர்ட்டுக்கு வருவார். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நாய்க்கும் நாற்காலிக்கும் சட்டத்தில் வித்தியாசம் கிடையாது என்றார். இரண்டும் அசையும் சொத்து. அந்தத் தகர வில்லையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நாய் வளர்க்கப் பஞ்சாயத்து கொடுத்த அனுமதி, சொந்தம் என்பதற்குச் சாசனம் இல்லை. பிறந்ததிலிருந்து யாரிடம் இருந்தது, யார் சோறு போட்டார்கள், கேட்டபோது யார் தன்னுடையது என்று சொன்னார்கள், இதுதான் கோர்ட் பார்க்கும். இதைச் சொல்லிவிட்டு வாக்குமூலத்தின் நகலைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"என்னதும்மா இது? நாய் உன்னோடது இல்லேன்னு நீயே சொல்லியிருக்கயே. அப்பறம் நான் எதுக்காக்கும் பஸ் ஏறி வரணும்?"

நாயைப் பத்தி அவங்க கேக்கவே இல்லீங்களே என்றார் அம்மா. அவர் சொன்னதையும் கான்ஸ்டபிள் எழுதியதையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தபிறகுதான் எங்கள் எல்லாருக்கும் விளங்கிற்று. அதை நான் சரிக்கட்டிக்கறேன் என்றார் வக்கீல். ஆனால் கூண்டில் ஏறினதும் நாய் என்னுடையது என்று ஒரு வார்த்தை வாயால் சொல்லியே ஆகவேண்டும், அதை வேறு யாரும் உனக்காகச் சொல்ல முடியாது என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விசாரணை நாளன்று முதலில் குத்தகைக்காரர் ஏறினார். நான் கேட்டுவிட்டுத்தான் வில்லையைக் கட்டினேன் என்றார். அது பொய்யில்லை. சொல்லும்போது வெளியே கட்டியிருந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த நாய் வேண்டியிருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்தது நான். மணி என் கடையில் வாங்கியதுதான் என்று அடையாளம் காட்டினேன். எதற்கென்று சொல்லி வாங்கினார் என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். ஒரு கழுத்துக்கு என்று சொல்லி வாங்கினார் என்றேன். நாயின் கழுத்துக்கா என்றார்கள். அதைச் சொல்லவில்லை என்றேன். சத்தியம் பண்ணிவிட்டேனே, வேறு என்ன செய்ய. வக்கீல் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு ஹெட் கான்ஸ்டபிள். நம் வக்கீல் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பட்டி என்னுடையது இல்லை என்று சொன்னதற்குப் பிறகு இந்த அம்மா வேறு ஏதாவது சொன்னாரா?

சொன்னார் என்றார் கான்ஸ்டபிள். ஏன் எழுதவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். கான்ஸ்டபிள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அதற்குள்ளேதான் குடும்பத்தோடு குடியிருப்பதாகச் சொன்னார், அது சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றார்.

மாஜிஸ்ட்ரேட் பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவர். பேனாவைக் கீழே வைத்தார். வாக்குமூலத்தை எடுத்து மறுபடி படித்தார். ஜன்னல் வழியாக, வராந்தாத் தூணில் கட்டியிருந்த நாயைப் பார்த்தார். ஒரு குடும்பம் உள்ளே இருக்கிற அளவில் அது இல்லை. இந்த வாக்குமூலம் ஆட்டுப்பட்டியைப் பற்றியது என்று சொல்லி அதை ஒதுக்கிவைத்தார். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கடைசியில் அம்மா கூண்டில் ஏறினார். வக்கீல் வராந்தாவைக் காட்டி, அந்த நாய் யாருடையது என்று கேட்டார்.

அம்மா நாயைப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தார். பிறகு கோர்ட்டின் ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று அந்தக் கூடத்தில் எனக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லாவிட்டால் நாய் பொள்ளாச்சிக்குப் போகும். சொன்னால் எங்கே போகும் என்பதை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். புடவைத் தலைப்பை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற மாதிரி ஏதோ சொன்னார்.

"கேட்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லணும்" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

அவர்மேல் தப்பில்லை. கோர்ட் வழக்கம் அது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எழுந்து போய் அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. அம்மா தலைப்பை இறக்கினார். கைப்பிடிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னுதுங்க" என்றார். "என்ற நாயிங்க."

அந்தக் குரல் வராந்தா வரைக்கும் போயிற்று. நாய் எழுந்து நின்றது. புருஷன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் உத்தரவு வந்தது. அட்டையை அவிழ்த்துவிட்டு நாயை ஒப்படைத்தார்கள். வில்லையைக் குத்தகைக்காரரே வந்து கழற்றிக்கொண்டார். கழற்றிவிட்டு நாயின் தலையைத் தடவி, வரேண்டா டைகர் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். நாங்கள் புறப்படுகிற நேரம், அம்மா மட்டும் வராந்தாவின் ஓரத்துக்குப் போய் யாருமில்லாத பக்கமாகத் திரும்பி நின்றார்.

"கோர்ட்டுக்காகச் சொன்னதுங்க. நெசமில்லீங்க. மனசுல வெச்சுக்க வேண்டாமுங்க" என்றார்.

யாரிடம் பேசுகிறார் என்று நான் பார்த்தேன். எதிரே சைக்கிள் நிறுத்துகிற இடம்தான் இருந்தது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த வக்கீலுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். சத்தியம் பண்ணிச் சொன்ன சாட்சியை வாசலிலேயே மாற்றிச் சொன்ன கட்சிக்காரியை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். ஒன்றும் காதில் விழாதவர்போல பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்த வருஷம் முழுக்க அம்மா அந்த நாயைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தின்றது, நன்றாகக் குரைத்தது, செக்போஸ்ட் காவலரை ஒருமுறை துரத்தியது. உங்க நாய் துரத்துது என்று அவர் புகார் சொன்னபோது, இந்தப் பக்கமா ஓடுதுங்க என்று மட்டும் அம்மா ஒப்புக்கொண்டார்.

போனது புருஷன். இரண்டு வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், இரண்டு நாள் காய்ச்சல். அவரைப் பற்றி அம்மா ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தும் போய்விட்டார். கேள்விப்பட்டதும் கடையைச் சாத்திவிட்டுப் பட்டிக்குப் போனேன். படல் ஓரமாக நாய் படுத்திருந்தது. அம்மா குடிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"என்ற ஊட்டுக்காரரு போயிட்டாருங்க ராவுத்தரே" என்றார்.

எத்தனையோ வருஷமாக அவர் பேச்சைக் கேட்டவன் நான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இனிச் சொல்லலாமுங்க" என்றார். "இனிக் கேட்டு என்ன பண்ணும். என்ற ஊட்டுக்காரரு. என்றவரு." அதையே இன்னும் சில தடவை சொன்னார், இத்தனை நாள் பாக்கியை ஒரேயடியாகச் சொல்லி முடிக்கிற மாதிரி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் புறப்பட்டேன். நாய் எழுந்து வந்து என் காலை மோந்து பார்த்தது. மணி நான் விற்றதுதான், இன்னும் சத்தம் நன்றாக இருந்தது. வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், உங்க நாய் என்னை இன்னும் அடையாளம் வைத்திருக்கிறதே அம்மா என்றேன்.

அம்மா சட்டென்று கூரையைப் பார்த்தார். பிறகு நன்றாகவே கேட்கிற குரலில் சொன்னார்.

"அது ஏதோ ஊர் நாயிங்க. சும்மா இங்க படுத்திருக்குது."